வாடை இல்லாத வாயு

மாலை ஐந்து மணி நாற்பத்தொரு நிமிடம். என் கைபேசியின் அழைப்புப் பட்டியலில் அந்த அழைப்பு இன்னும் இருக்கிறது. எத்தனையோ முறை அழிக்க நினைத்தும் விரல் போகவில்லை. அன்று வியாழக்கிழமை, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஐந்தாம் நாள். அழைத்தவள் என் மகள். பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி விட்டு வந்து வீட்டில் தனியாக இருந்தாள்.

"உம்மா, பிரிட்ஜு உஸ்ஸுன்னு சத்தம் போடுது."

திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் வேலை பார்க்கிறேன். கையுறையைக் கழற்றாமல் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "எங்க இருந்து வருது?" என்று கேட்டேன்.

"மேல ஐஸ் பெட்டிக்குள்ள இருந்து. சாச்சி கறி கேட்டு வந்தாவ. பொட்டலம் ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேன்னுட்டு. கத்திய வச்சு நெம்புனேன். டக்குன்னுச்சு. அப்ப இருந்து உஸ்ஸுங்குது."

சாச்சி எங்களுக்கு இரத்த உறவில்லை. எங்கள் வீட்டுப் பின்பக்கம் உள்ள முடுக்குச் சந்தின் கடைசியில், ஒற்றை அறையில் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண். கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. மேலப்பாளையத்தில் பெருநாளைக்குக் குர்பானி கொடுக்கும் வீடுகளிலிருந்து அவருக்குப் பங்கு வரும். ஒரே நாளில் ஆறேழு வீட்டுக் கறி வந்து சேரும், வைக்க இடமில்லை. அதனால் எங்கள் பிரிட்ஜில் கொண்டுவந்து வைப்பார். எங்கள் பொட்டலங்களோடு கலந்துவிடாமல் இருக்கப் பீடிக்கட்டுக்குச் சுற்றுகிற நூலால் வாயைக் கட்டியிருப்பார். பெருநாள் முடிந்த இரண்டு வாரத்துக்கு எங்கள் ஐஸ் பெட்டியில் ஒரு விரல் நுழைய இடமிருக்காது. பொட்டலமும் ஐஸும் தகடும் ஒன்றோடொன்று இறுகிப்போய், பாறையில் வேர் பிடித்ததுபோல இருக்கும். நெம்பாமல் வராது. நெம்புவதற்கென்றே கைப்பிடி தேய்ந்த கறிக்கத்தி ஒன்றை பிரிட்ஜின் தலைமேல் வைத்திருந்தேன். என் மகள் எடுத்தது அந்தக் கத்தியை. அவளுக்கு நெம்பப் பழக்கியது நான்.

"வாடை வருதா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. மோந்து பாத்துட்டேன். ஒரு வாடையும் இல்ல. குளிரா காத்து வருது, அவ்வளவுதான்."

"அப்ப ஒண்ணும் இல்ல. கதவ நல்லா அடச்சிரு. ஐஸ் உருகி, சாச்சி நம்மள நம்பி வச்ச அமானிதம் கெட்டுரக் கூடாது. நான் வந்து பாக்கேன்."

"சாச்சி நின்னு பாத்துட்டுப் போயிட்டாவ. பெறவு வருதேன்னாவ."

"சரி, நீ போய்ப் படி."

இவ்வளவுதான் பேசினோம். நான் இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக வேலையைத் தொடர்ந்தேன் என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. பரிசோதனைக் கூடத்தில் ஸ்பிரிட் பாட்டிலை விளக்கின் அருகே ஒரு சாண் நகர்த்திவைத்தாலும் புதிதாக வேலைக்கு வந்த பெண்களை ஏசுகிறவள் நான். தீப்பிடிக்கும் பொருள் எது, பிடிக்காத பொருள் எது என்று இருபது வருடமாக எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஆனால் எனக்குத் தெரிந்த கேஸ் எல்லாமே அழுகிய முட்டை மாதிரி வாடை அடித்து, 'நான் வந்திருக்கிறேன்' என்று சொல்லிவிட்டு வருகிற கேஸ். வாடை இல்லையென்றால் ஆபத்து இல்லை. என் உம்மா வீட்டிலும், மாமியார் வீட்டிலும், எங்கள் தெருவிலும் எல்லோருக்கும் அதுதான் கணக்கு.

கறி கெடாமல் மெக்கானிக் வந்தாக வேண்டுமே என்ற கவலையில்தான் என் கணவருக்குக் குரல்செய்தி அனுப்பினேன். அவர் வளைகுடாவில் ஒரு பேரங்காடியின் குளிரறைகளைப் பார்த்துக்கொள்கிறார். 'புள்ள கத்தியால நெம்பிட்டா, ஐஸ் பெட்டி உஸ்ஸுங்குதாம், நல்ல மெக்கானிக் யாராவது தெரியுமா' என்று கேட்டிருந்தேன். ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு அவர் அழைத்தார். அவர் எடுத்த எடுப்பில் சலாம் சொல்லாமல் பேசியது அதுதான் முதல்தடவை.

"எந்த பிரிட்ஜு?"

"நமக்கு எத்தன பிரிட்ஜு இருக்கு? அடுப்படில நிக்கதுதான்."

"வெளையாடாத. பின்னால, மோட்டார் மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். என்ன போட்டிருக்குன்னு ஞாவகம் இருக்கா?"

"பிரிட்ஜுக்குப் பின்னால போய் யாரு வாசிப்பா?"

"மஞ்சக் கலர்ல முக்கோணம். அதுக்குள்ள தீ மாதிரி படம்."

நான் நின்ற இடத்துக்கு எதிரே இரத்த மாதிரிகளை வைக்கும் பிரிட்ஜ் இருந்தது. அதன் பக்கவாட்டில் துப்புரவு அட்டவணையை நான்தான் டேப் போட்டு ஒட்டியிருந்தேன். காகிதத்தின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு முனை மட்டும் வெளியே தெரிந்தது. காகிதத்தைத் தூக்கிப் பார்த்தேன். முக்கோணம். உள்ளே தீ. நான்கு வருடமாக அந்தப் பிரிட்ஜை ஒரு நாளைக்கு நாற்பது தடவை திறந்து மூடுகிறேன்.

"இங்க இருக்கதுல அப்படிப் போட்டிருக்கு," என்றேன்.

"நம்ம வீட்டுலயும் அதுதான். ஓசோனக் கெடுக்காதுன்னு இப்ப எல்லாத்துலயும் தீப்பிடிக்குற கேஸத்தான் அடைக்கான். அடுப்பு கேஸுக்குப் பங்காளி. அடுப்பு கேஸ்ல நமக்குத் தெரியட்டும்னு வாடைய சேத்துவிடுவான். இதுல சேக்க மாட்டான். காத்தவிட கனம் வேற. தண்ணி மாதிரி கீழ எறங்கித் தரையில தேங்கும்."

"நான் கதவ அடைக்கச் சொல்லிட்டேன்."

"எந்தக் கதவ?"

"பிரிட்ஜு கதவ."

பின்னணியில் அங்கே குளிரறை விசிறிகள் சுற்றும் இரைச்சல் மட்டும் கேட்டது.

"ரெண்டு வருசத்துக்கு முன்ன உள்ள மோட்டார போட்டு அணைக்குற தெர்மோஸ்டாட் போச்சுன்னு தெருவுல வந்தவன வச்சு மாத்துனோமே," என்றார் பிறகு, மெதுவாக. "கம்பெனிக்காரன் போட்டிருந்தது பொறி வெளிய வராம மூடி வச்ச சாமான். இவன் என்னத்தப் போட்டான்னு யாருக்குத் தெரியும். பெட்டிய அடச்சு வச்சா கேஸ் பூரா உள்ள நிக்கும். தெர்மோஸ்டாட் ஒரு தடவ டிக்குன்னா போதும். அவள வெளிய வரச் சொல்லு. அடுப்படில ஒரு சுவிச்சத் தொடக் கூடாது. போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வாசல்ல இருக்க மெயின மட்டும் எறக்கச் சொல்லு. அடுப்பப் பத்த வச்சிரக் கூடாது."

அடுப்பு என்ற சொல்லைக் கேட்டதும்தான் எனக்குக் கிழமை ஞாபகம் வந்தது.

வியாழக்கிழமை மாலை, வெள்ளி இரவு பிறக்கிற நேரம், மக்ரிப் பாங்குக்கு முன்னால் எங்கள் வீட்டில் சாம்பிராணி போடுவது வழக்கம். சிரட்டைக் கரியைக் கேஸ் அடுப்பில் வைத்துக் கனியவிட்டு, தூபக்காலில் அள்ளி, வீடு முழுக்கக் காட்ட வேண்டும். நான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அது என் மகளின் பொறுப்பு. 'உம்மா வரதுக்குள்ள வீடு மணக்கணும்' என்று நானே அவளிடம் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தேன். பாங்குக்கு இன்னும் முக்கால் மணி நேரம்கூட இல்லை.

அவளுடைய எண்ணை அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும். மறுபடியும். எங்கள் பக்கத்து வீட்டார் பெருநாள் முடிந்ததும் காயல்பட்டினத்துக்குப் போயிருந்தார்கள். சாச்சியிடம் போன் கிடையாது. பையை மேசையிலேயே விட்டுவிட்டு ஸ்கூட்டர் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ஆனி மாதக் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. செங்கோட்டைக் கணவாய் வழியாக மலையைத் தாண்டி வரும் அந்தக் காற்று, குற்றாலத்தில் சாரலைப் போட்டுவிட்டு எங்கள் ஊருக்கு வெறும் மண்ணோடுதான் வந்து சேரும். அன்று ஆற்றுப்பாலத்தில் வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. இடப்பக்கம் தள்ளிக்கொண்டே போனது. கீழே தாமிரபரணியில் தண்ணீர் எதிர்த்திசையில் ஓடுவதுபோல அலை மடித்துக்கொண்டிருந்தது. மற்ற நாட்களில் அந்தக் காற்று எனக்கு ஒரு தொல்லை. துணி காயப்போட முடியாது, சன்னலைத் திறந்தால் சாப்பாட்டுத் தட்டில் மண் விழும். 'சன்னல எல்லாம் அடச்சு வை' என்று காலையில் மகளிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். அதுவும் பாலத்தின் நடுவில் நினைவுக்கு வந்தது. பிரிட்ஜ் கதவை அடை, சன்னலை அடை. நான் ஒரு நாளில் சொன்ன எல்லாமே அடைக்கச் சொன்னதுதான்.

கொக்கிரகுளம் தாண்டியதும் கடைகளில் விளக்கு இல்லை. ஒரு வேப்பமரக் கிளை கம்பியோடு தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது கரண்ட் போனது என்று வண்டியை நிறுத்தாமலே ஒருவரிடம் கேட்டேன். "அரை மணி நேரம் இருக்கும்" என்றார். என் வாழ்க்கையில் மின்வெட்டுக்கு அல்ஹம்துலில்லாஹ் சொன்னது அன்றுதான். கரண்ட் இல்லையென்றால் தெர்மோஸ்டாட் டிக் என்னாது. ஆனால் அந்த நிம்மதி அடுத்த திருப்பம்வரைகூட நிற்கவில்லை. கரண்ட் இல்லாத வீட்டில், இருட்டுகிற நேரத்தில், ஒரு பெண்பிள்ளை என்ன செய்வாள்?

எங்கள் தெரு முனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, கல்லாவின் மேல் ஊதுபத்தியைப் பொருத்திவைத்து, பேட்டரி விளக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வண்டியில் இருந்தபடியே, "அண்ணாச்சி, எம் மவளப் பாத்தீளா?" என்று கத்தினேன்.

"இப்பத்தான்மா வந்துட்டுப் போனா. மெழுகுவத்தி ரெண்டு, தீப்பெட்டி ஒண்ணு. என்னமா ஓடுதா! பிடி கடலை தாரேன்னேன், காதுலயே வாங்கல."

"எப்ப?"

"பத்து நிமிசம் இருக்கும். ஏம்மா, மொகம் ஏன் இப்படி இருக்கு?"

"பிரிட்ஜுல கேஸ் லீக்காவுது அண்ணாச்சி. தீப்பிடிச்சிரும்."

"பிரிட்ஜா? அதுக்குள்ள ஐஸுல்லாம்மா இருக்கு! ஐஸு எந்த ஊருல தீப்பிடிச்சிருக்கு?"

அவர் கேட்டது எனக்குக் கோபம் மூட்டவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். வண்டியை அவர் கடை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினேன். பின்னால் அவரும் டார்ச்சோடு வருவது தெரிந்தது. "அந்த டார்ச்ச அணைக்காதிய, போடாதிய, அங்கனயே நில்லுங்க!" என்று திரும்பிப் பார்க்காமல் கத்தினேன். "டார்ச்சுமா?" என்று கேட்டுவிட்டு, மனிதர் டார்ச்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சொன்ன இடத்திலேயே நின்றார்.

வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. போனில் அழைத்தேன். அவளுடைய போன் வீட்டுக்குள்ளேயே அடித்தது. தூரத்தில், அடுப்படிப் பக்கம். அந்த மணியோசையைக் கேட்டபோது என் உடம்பில் இருந்த உயிர் கால்வழியாக இறங்கித் தரையில் போய்விட்டதுபோல் இருந்தது. போன் அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை. உடனே துண்டித்தேன். அந்தச் சத்தத்துக்குக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

மெயின் சுவிட்ச் எங்கள் வீட்டில் வெளிவாசலில், மீட்டருக்குக் கீழே இருக்கிறது. வீடு கட்டும்போது அதை உள்ளே வைக்கச் சொல்லி நான் கொத்தனாரோடு சண்டை போட்டிருக்கிறேன், பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று. அதைக் கீழே இறக்கினேன். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு முடுக்குக்குள் ஓடினேன்.

பின்கதவு திறந்திருந்தது. காற்றில் அடித்துக்கொண்டு, சுவரில் மோதிக்கொண்டு, திரும்பத் திரும்ப அகலத் திறந்தது. அந்தச் சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்க வேண்டும். எனக்கு அதுவரை கேட்கவில்லை. கதவுக்கு நேரே எங்கள் அடுப்படி. மேற்கு வெளிச்சம் உள்ளே கொஞ்சம் விழுந்திருந்தது.

பிரிட்ஜ் கதவு மல்லாக்கத் திறந்து கிடந்தது. மேலே ஐஸ் பெட்டியின் மூடி தொங்கியது. உள்ளே ஒரு பொட்டலம்கூட இல்லை. தரையில் உருகிய தண்ணீர் மெல்லிய கோடாக அங்கணத்து மடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய போன் அலமாரியில், சார்ஜர் வயரோடு கிடந்தது. அடுப்பின் மேல் கம்பி வலையில் சிரட்டைக் கரி நான்கு துண்டு, அழகாக அடுக்கி, கனியவைக்கத் தயாராக இருந்தது. பக்கத்தில் தூபக்கால். தூபக்காலுக்குப் பக்கத்தில் லைட்டர்.

கரி கறுப்பாக இருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கறுப்பு. ஒரு துண்டின் ஓரத்தில்கூடச் சாம்பல் பூக்கவில்லை.

என் மகள் இல்லை.

வாசற்படியில் நின்றபடி மூச்சை இழுத்துப் பார்த்தேன். வாடை இல்லை. அந்த 'இல்லை'யைப் போலப் பயங்கரமான ஒன்றை நான் முகர்ந்ததில்லை. சுத்தமான காற்று. கொஞ்சம் மண், கொஞ்சம் ஈரம். அங்கே ஒன்று இருக்கிறதா, போய்விட்டதா என்று சொல்ல என் ஐந்து புலன்களில் ஒன்றுக்கும் தகுதி இல்லை.

மூன்று நாள் கழித்து மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். அவர் சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐஸ் பெட்டியின் அலுமினியத் தகட்டைக் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் காட்டினார். ஊசிமுனை அளவு ஒரு துளை. அதைச் சுற்றி எண்ணெய் பட்டதுபோல ஒரு பளபளப்பு. ஆனால் அவர் விரல் காட்டியது துளையை அல்ல. தகடு முழுக்க, குறுக்கும் நெடுக்குமாக, கத்திக் கீறல்கள். "இந்தக் கோடு பூராவும் யாரும்மா போட்டது?" என்றார். நான் அந்தக் கறிக்கத்தியைக் காட்டினேன். "இது ஒரு நாள் வேலை இல்ல. பாப்பா குத்துனது கடைசிக் குத்து. அவ்வளவுதான்." துளை இருந்தது ஒரு பழைய கீறலின் நடுவில். ஒவ்வொரு பெருநாளுக்கும் நான் ஒரு கோடு போட்டிருக்கிறேன்.

எவ்வளவு கேஸ் இருந்திருக்கும் என்று கேட்டேன். பின்னால் இருந்த ஸ்டிக்கரைப் படித்தார். நாற்பது கிராமுக்குச் சற்று மேல். "சிகரெட் லைட்டர் ஏழெட்டுல உள்ளது. அவ்வளவுதான் இருக்கும்," என்றார். நான் உள்ளங்கையைப் பார்த்தேன். அந்தக் கொஞ்சம்தான் பத்து வருடமாக அந்தக் குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. ஒரு துளி குறையாமல், ஒரு நாள் ஓயாமல். ஆவியாகி, மறுபடி திரவமாகி, எங்கள் பாலையும் மாவையும் மீனையும், மகள் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்தையும் குளிர வைத்திருக்கிறது. எரியக்கூடிய ஒன்றிடமிருந்துதான் அத்தனை குளிரையும் வாங்கியிருக்கிறோம். அதை அடைத்து வைத்திருந்தது ஒரு தகடு, காகிதத்தைவிடக் கொஞ்சம் கனம். "கொழாய்க்குள்ள இருக்கவரைக்கும் இது மாதிரி நல்ல கேஸ் கெடையாது," என்றார் அவர். "ஒண்ணும் பண்ணாது. நாமதான் கத்தியத் தூக்குதோம்." புதுத் தெர்மோஸ்டாட்டையும் கழற்றிக் காட்டினார். அது மூடாத சாமான்தான். அதன் முனையில் கருகல் இருந்தது. ஒவ்வொரு தடவை டிக் என்ற போதும் அங்கே ஒரு சின்னப் பொறி பறந்திருக்கிறது.

அந்த மாலைக்குத் திரும்புகிறேன். கீழே தேங்கும் என்று கணவர் சொன்னது நினைவிருந்ததால் உள்ளே போகாமல் முடுக்கின் புறமிருந்தே கையை விட்டு அடுப்படிச் சன்னல்களைத் தள்ளித் திறந்தேன். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போனது. பழைய காலண்டர் ஒன்று சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்தது. காற்று பிரிட்ஜுக்குள் புகுந்து, ஐஸ் பெட்டியின் மூடியை ஆட்டி, தரைத் தண்ணீரில் சுருக்கம் போட்டு, மடைவழியாக ஓடியது. பத்து வருடமாக நான் ஏசிக்கொண்டிருந்த காற்று என் வீட்டை மூலை மூலையாகக் கழுவிவிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அண்ணாச்சி மனம் கேட்காமல் முடுக்கின் தலைப்புக்கு வந்துவிட்டார். டார்ச்சைச் சட்டைக்குள் போட்டிருந்தார்.

"உள்ள இல்லியாம்மா?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்ப நல்லதுதானம்மா. உள்ள இருந்தாத்தான பயம்?"

"எங்க போனான்னு தெரியலியே."

"தீப்பெட்டி வாங்கிட்டு ஓடுன புள்ள எங்கயோ வெளக்கேத்தத்தான் போயிருக்கும். பைய உக்காரும்மா. விழுந்துருவ போல இருக்கு."

நான் பின்வாசல் படியில் உட்கார்ந்தேன். அவர் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றார். பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, "எங்க வீட்டுப் பிரிட்ஜுலயும் இந்தக் கேஸுதானா இருக்கும்?" என்று கேட்டார். பின்னால் முக்கோணம் இருக்கிறதா என்று பாருங்கள் என்றேன். "எங்க வீட்டுக்காரி ஐஸப் பேத்தெடுக்க ஸ்குரு முடுக்குற திருப்புளிய வச்சிருக்கா," என்றார். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த நேரத்தில் கரண்ட் வந்தது.

முடுக்கின் இரண்டு பக்கமும் வீடுகள் பளிச்சென்று எரிந்தன. எங்கோ டிவி பாதிப் பேச்சில் கத்தத் தொடங்கியது. யார் வீட்டிலோ மிக்ஸி தானாக ஓடி நின்றது. தெருவிளக்கு இரண்டு தடவை கண்ணடித்துவிட்டு நிலைத்தது. எங்கள் வீடு மட்டும் இருட்டாக இருந்தது. திறந்து கிடந்த பிரிட்ஜுக்குள் விளக்கு எரியவில்லை. மெயினை இறக்கிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. கணவரின் அழைப்பு கொஞ்சம் பிந்தியிருந்தால், பாலத்தில் காற்று வண்டியை இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால், கிளை கொஞ்சம் முன்னால் அகற்றப்பட்டிருந்தால். எண்ணிப் பார்க்க முடியவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக இத்தனை நூல்கள் என் பிள்ளைக்காகக் கட்டப்பட்டிருந்தன. அதில் நான் கட்டியது ஒன்றே ஒன்று, அதுவும் வேறொருவர் சொல்லித்தந்து. மற்ற எல்லாம் யாருடைய கை?

பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு சொன்னார்கள். சாம்பிராணி வாசம் அக்கம்பக்க வீடுகளிலிருந்து முடுக்குக்குள் வந்தது. காற்று அதையும் அள்ளிக்கொண்டு போனது. நான் அழ ஆரம்பித்தேன். அண்ணாச்சி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

முடுக்கின் கடைசியில் ஒரு கதவு திறந்தது. சாச்சியின் கதவு. முதலில் சாச்சி வெளியே வந்தார், கையில் ஒரு தூக்குவாளி. அவருக்குப் பின்னால் என் மகள். முழங்கைவரை மஞ்சள்பொடி. தாவணி நுனியை இடுப்பில் செருகியிருந்தாள். என்னைப் படியில் பார்த்ததும் அவள் நடை தளர்ந்தது. பள்ளியில் மதிப்பெண் குறைந்து வந்த நாட்களில் நடப்பாளே, அந்த நடை.

சாச்சிதான் தூரத்திலிருந்தே பேசினார். "ஏசிராத தாயி. புள்ள கரண்ட் போனதும் ஓடியாந்துட்டா. அமானிதம் கெட்டுரும் சாச்சின்னு அத்தனை பொட்டலத்தையும் அள்ளிப் போட்டுக்கிட்டு வந்துட்டா, ஒங்க வீட்டுக் கறியையும் சேத்து. எங்கிட்ட வெளக்குகூட இல்ல, அதையும் ஓடிப் போயி வாங்கியாந்தா. உப்பும் மஞ்சளும் போட்டு விறகடுப்புல ஏத்திட்டோம். இனி கெடாது."

படியில் உட்கார்ந்தபடியே கையை மட்டும் நீட்டினேன். மகள் பக்கத்தில் வந்து, எனக்குப் பின்னால் திறந்து கிடந்த இருண்ட அடுப்படியை எட்டிப் பார்த்தாள். மல்லாந்து கிடந்த பிரிட்ஜ் கதவைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உம்மா, நீ அடைக்கச் சொன்ன. அடச்சுத்தான் வச்சிருந்தேன். கறிய எடுத்த அவசரத்துல அப்படியே தொறந்து போட்டுட்டு ஓடிட்டேன். பின்கதவையும் சாத்தல. இனிமே மறக்க மாட்டேன்மா."